ஆங்கில இன்பியல் நாடகங்களில் காதலும் திருமணமும்

நாடகங்களைத் துன்பியல், இன்பியல் என இரு கூறாகப் பகுத்து, "துன்பியல் சாவில் முடியும், இன்பியல் மணத்தில் முடியும்" என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுண்டு. நானும் அவ்வாறே படித்தேன்; தேர்வில் அவ்வாறே எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னர் அந்நாடகங்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தபோதுதான் அந்த இலக்கணம் பாதி உண்மையே என்பது எனக்கு விளங்கிற்று. முடிவில் மணம் வருவது மெய்தான். ஆனால், "இவ்விருவரும் மணந்துகொள்வார்களா?" என்ற கேள்வி சிறந்த இன்பியல் நாடகத்தில் பெரிதாக நிற்பதில்லை. மணப்பார்கள் என்பது முதற்காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. "எத்தகைய உடன்பாட்டின்மேல் மணப்பார்கள்? மணந்தபின் இருவரும் தத்தம் மதிப்பை இழவாமல் வாழ இயலுமா?" என்பதே அந்நாடகங்கள் நகைத்துக்கொண்டே கேட்கும் கேள்வி. அக்கேள்வியைப் பின்தொடர்ந்து, ஷேக்ஸ்பியர் முதல் பெர்னார்டு ஷா வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்கால ஆங்கில மேடையை இன்று சுற்றி வருவோம்.

அதற்குமுன் ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். இந்நாடகங்களின் பின்னே இங்கிலாந்தின் பழைய மணச்சட்டம் நிற்கிறது. அச்சட்டத்தின்படி, ஒரு பெண் மணந்துகொண்ட அன்றே அவளுடைய பணமும் நகையும் பிற அசையும் பொருள்களும் கணவனுக்கு உரியவை ஆகிவிடும். அவளுடைய நிலத்தின் வருவாயையும் அவனே ஆள்வான். அவள் தன் பெயரால் ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. 1765-ஆம் ஆண்டில் தம் சட்ட விளக்க நூலின் முதற்பகுதியை வெளியிட்ட பிளாக்ஸ்டன் என்னும் அறிஞர், மணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாகிவிடுகின்றனர் என்று எழுதினார். அந்த ஒரே ஆள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செல்வக் குடும்பங்கள் மட்டும், மகளின் சொத்தை வேறொருவர் பொறுப்பில் எழுதிவைத்து, அவளுக்கென்று காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தன. மணந்த பெண் தான் ஈட்டிய பொருளைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1870-இல்தான் வந்தது. தன் சொத்து முழுவதையும் தானே ஆளலாம் என்ற சட்டம் 1882-இல் வந்தது. மணவிலக்கோ இன்னும் அரிது. 1857 வரை, மறுமணத்திற்கு இடந்தரும் மணவிலக்கு வேண்டுவோர் பாராளுமன்றத்தில் தமக்கெனத் தனிச் சட்டமே நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலையில், ஒரு பெண் தன் வாழ்வைப்பற்றிப் பேரம் பேசக் கிடைத்த காலம் எது? காதலன் கெஞ்சிக்கொண்டு நிற்கும் காலம் ஒன்றுதான். மணமேடை ஏறிவிட்டால் அவள் கையில் ஒன்றும் இல்லை. எனவேதான் ஆங்கில இன்பியல் நாடகம் அந்தக் குறுகிய காலத்தைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்கிறது. அங்கே எழும் சிரிப்பினுள் ஓர் அவசரம் இருக்கிறது.

முதலில் ஷேக்ஸ்பியரைக் காண்போம். 1600-இல் அச்சேறிய 'ஒன்றுமில்லாததற்கு ஓயாத ஆரவாரம்' என்னும் நாடகத்தில் இரண்டு காதல் இணைகள் உள்ளன. கிளாடியோவும் ஹீரோவும் ஓர் இணை. பெனடிக்கும் பியாட்ரிஸும் மற்றோர் இணை. கிளாடியோ ஹீரோவைக் கண்டவுடன் காதல் கொள்கிறான். ஆனால் காதலைச் சொல்லத் தொடங்கிய அதே மூச்சில், அவள் தந்தைக்கு ஆண்மகவு உண்டா என்றும் விசாரித்துக்கொள்கிறான். அவளே தனி வாரிசு என்று விடை கிடைக்கிறது. இவ்விருவரும் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசுவதே இல்லை. பெனடிக்கும் பியாட்ரிஸும் இதற்கு நேர்மாறு. அவர்கள் சந்தித்தால் சொற்போர்தான். மணமே வேண்டாம் என்று இருவரும் சூளுரைத்தவர்கள். நண்பர்கள் ஒரு சூழ்ச்சி செய்கின்றனர். பெனடிக்கின் செவியில் விழுமாறு, "பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்" என்று தோட்டத்தில் பேசிக்கொள்கின்றனர். அவ்வாறே பெனடிக்கின் காதலைப்பற்றி அவள் செவியிலும் விழச் செய்கின்றனர். பொய்யாகச் சொன்ன செய்தி மெய்யாகிவிடுகிறது. "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு திருமணம் செய்" என்னும் நம் பழமொழி மெஸ்ஸினா நகரத்திலும் செல்லுபடியாயிற்று!

இதுவரை விளையாட்டு. நாடகத்தின் நடுவே சிரிப்புச் சட்டென்று நின்றுவிடுகிறது. தீயோன் ஒருவனின் சூழ்ச்சியை நம்பி, கிளாடியோ மணமேடையிலேயே ஹீரோவைக் கற்பிழந்தவள் என்று பழித்துத் தள்ளுகிறான். பெற்ற தந்தையே அவன் சொல்லை நம்பி மகளைச் சபிக்கிறான். அந்நேரத்தில் பெனடிக் பியாட்ரிஸிடம் தன் காதலை வெளியிட்டு, "உனக்காக என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறான். அவள் கேட்பது கிளாடியோவின் உயிர். தான் ஆணாய்ப் பிறந்திருந்தால் தானே சென்றிருப்பேன் என்று பொருமுகிறாள். பெனடிக் தயங்குகிறான், அவன் உற்ற நண்பனல்லவா? "ஹீரோ குற்றமற்றவள் என்று உன் நெஞ்சறிய நம்புகிறாயா?" என்பதே அவன் கேட்கும் கேள்வி. நம்புகிறேன் என்கிறாள். அவ்வொரு சொல்லை ஏற்று, அவன் நண்பனைப் போருக்கு அழைக்கப் புறப்படுகிறான். முழு நாடகத்தின் உயிரும் இங்கே இருக்கிறதென்பது என் கருத்து. கிளாடியோ தான் காதலித்த பெண்ணைவிடப் பிறர் காட்டிய காட்சியை நம்பினான். பெனடிக் தன் கண்ணால் ஒன்றும் காணாமலே, தான் மதித்த பெண்ணின் சொல்லை நம்பினான். சண்டையிட்டுக்கொண்டே இருந்த இருவரும்தாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். காதலுக்கு அறிமுகம் வேண்டும், அறிமுகத்திற்குப் பேச்சு வேண்டும் என்று அந்நாடகம் சொல்லாமற் சொல்கிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடங்களைச் சிறுவர்களே தாங்கினர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பியாட்ரிஸின் சீற்றமும் ஒரு சிறுவனின் குரலில்தான் முதலில் ஒலித்தது. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பாராளுமன்றம் நாடகசாலைகளை மூடிவிட்டது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் அரசுகட்டில் ஏறியபின் அவை மீண்டும் திறந்தன; பெண்கள் மேடையேறினர். இம்மாற்றம் நாடகத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. மணப்பெண் என்ன நினைக்கிறாள் என்பதை ஒரு பெண்ணே மேடையில் நின்று சொல்லும் காலம் வந்தது.

அக்காலத்தின் தலைசிறந்த நாடகம், வில்லியம் காங்கிரீவ் எழுதி 1700-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரங்கேறிய 'உலகத்தின் போக்கு' என்பதாகும். கதைத் தலைவி மில்லமன்ட், தலைவன் மிராபெல். மில்லமன்ட்டின் செல்வத்தில் பாதி, அதாவது 6,000 பவுன், அவளுடைய அத்தையின் இசைவைப் பொறுத்தது. அத்தைக்கு இசைவில்லாத மணமென்றால் அப்பணம் போய்விடும். அந்த அத்தையோ மிராபெல்மேல் கடுஞ்சினம் கொண்டிருக்கிறாள். இச்சிக்கலை அவிழ்க்கும் சூழ்ச்சிகள் மிகப் பல. முதன்முறை படிப்பவருக்குத் தலை சுற்றும். அவற்றை விட்டுவிட்டு நான்காம் அங்கத்திற்கு வாருங்கள். அங்கே காதலர் இருவரும் எதிரெதிரே நின்று, வழக்கறிஞர்களைப்போல, தம் திருமணத்தின் நிபந்தனைகளைப் பேசித் தீர்க்கின்றனர்.

மில்லமன்ட் கேட்பவை என்ன? காலையில் விரும்பும் வரை உறங்குவேன்; பிறர்முன் கொஞ்சுமொழி கூறி என்னை அழைத்தலாகாது; புதுமணக் களிப்பில் ஒரே வண்டியில் ஊரறிய உலாப்போய்விட்டு, பின்னர் ஒருவரையொருவர் காணவே நாணும் இணைபோல் நாம் ஆகிவிடக் கூடாது; நான் விரும்பியவரைக் காண்பேன், விரும்பியவருக்குக் கடிதம் எழுதுவேன், அதைப்பற்றிக் கேள்வியும் கூடாது, முகச்சுளிப்பும் கூடாது; உங்கள் நண்பர் என்பதற்காக எனக்குப் பிடிக்காதவரோடு நான் பேச வேண்டியதில்லை; என் தேநீர் மேசைக்கு நானே அரசி; எல்லாவற்றிற்கும் மேலாக, நான் இருக்கும் அறைக்குள் வருமுன் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டால், சிறிது சிறிதாகக் குறுகி மனைவி என்னும் நிலைக்குத் தான் வந்து சேரக்கூடும் என்கிறாள்.

மிராபெலுக்கும் நிபந்தனைகள் உண்டு. கமுக்கம் பேசும் தோழி கூடாது. முகப்பூச்சுகளும் இரவுக் களிம்புகளும் கூடாது. கருவுற்றிருக்கும்போது இடையை இறுக்கிக் கட்டிக் குழந்தைக்கு ஊறு செய்தலாகாது. தேநீர் மேசையில் தேநீர் போன்ற பானங்களே இருக்கலாம், மதுவகை கூடாது. இப்படிப் போகிறது அவன் பட்டியல்.

இக்காட்சியைக் கல்லூரியில் முதன்முறை படித்தபோது, இது செல்வச் சீமாட்டி ஒருத்தியின் செல்லப் பிடிவாதம் என்றே எண்ணினேன். மேற்சொன்ன சட்டத்தைப் பின்னர் அறிந்துகொண்டு மறுபடியும் படித்தபோது சிரிப்பு அடங்கிற்று. உறக்கம், கடிதம், கதவு, தேநீர் மேசை என்று அவள் எண்ணி எண்ணிக் கேட்பவை யாவும், நாளை முதல் சட்டப்படி அவளுக்கு இல்லாமற் போகக்கூடியவை. கதவைத் தட்டிவிட்டு வா என்னும் சிறு சொல், "மணந்தபின்னும் நான் தனி ஓர் ஆள்" என்னும் பெரிய பொருளைத் தாங்கி நிற்கிறது. அதை நேராகச் சொன்னால் அக்காலத்தில் கேட்பார் இல்லை. விளையாட்டாகச் சொன்னாள், கேட்டார்கள்.

அதே நாடகத்தில் இப்பேரத்தைப் பேசாமல் மணந்த ஒருத்தியும் இருக்கிறாள். அவள் ஃபெயினல் என்பவனின் மனைவி. அவன் அவளுடைய சொத்து முழுவதையும் பறிக்கத் திட்டமிட்டு மிரட்டுகிறான். ஐந்தாம் அங்கத்தில் ஒரு கரும்பெட்டி வருகிறது. அதனுள்ளே, அவள் மணப்பதற்கு முன்பே தன் சொத்தையெல்லாம் மிராபெலின் பொறுப்பில் எழுதிவைத்த பத்திரம் இருக்கிறது. ஃபெயினலின் கையில் உள்ள பத்திரத்தைவிட அது முந்தியது. மணத்திற்கு முன் எழுதிய ஒரு தாள் அவளைக் காப்பாற்றுகிறது. நகைச்சுவை நாடகத்தின் உச்சக்கட்டத்தில் ஒரு சொத்துப் பத்திரம் வந்து நிற்பது விந்தையாகத் தோன்றலாம். காங்கிரீவ் தம் உலகத்தின் போக்கை நன்கறிந்தே அதனை அங்கே வைத்தார். இந்நாடகம் அப்போது பெருவெற்றி பெறவில்லை. அதன்பின் அவர் 1729 வரை வாழ்ந்திருந்தும் வேறோர் இன்பியல் நாடகம் எழுதவில்லை.

ஏழாண்டுகள் கழித்து, 1707-இல், ஜார்ஜ் ஃபார்கர் தம் இறுதி நாடகத்தில் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். மனம் ஒவ்வாத கணவனும் மனைவியும் இருவரும் இசைந்தே பிரிவதாக முடிவை அமைத்தார். நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. மேடையில் மட்டுமே இருந்தது. நாடகம் அரங்கேறிய சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில், கண்ணீர் வடிக்கச் செய்து நீதி புகட்டும் நாடகங்களே மேடையில் மிகுந்தன. மக்கள் மீண்டும் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று வாதாடியவர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். அவருடைய 'பணிந்து வென்றாள்' 1773 மார்ச்சு 15-ஆம் நாள் கவெண்ட் கார்டன் அரங்கில் நடந்தது. மார்லோ என்னும் இளைஞன் உயர்குடிப் பெண்களின் முன் வாய் திறக்கமாட்டான். விடுதிப் பணிப்பெண்களிடம் வரம்பின்றிப் பேசுவான். தன்னைப் பெண்பார்க்க வந்தவனின் இக்குறையைக் கண்டுகொண்ட கேட், பணிப்பெண் வேடம் பூண்டு அவன் உண்மை இயல்பை வெளிக்கொணர்கிறாள். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நாடகம் இது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மணமகன் எப்படிப்பட்டவன் என்பதை, அவன் தனக்குச் சமமானவர்களிடம் நடந்துகொள்ளும் முறையால் கேட் அளக்கவில்லை; தனக்குக் கீழானவள் என்று அவன் எண்ணும் பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறையால் அளக்கிறாள். இதைவிடச் சிறந்த உரைகல் உண்டோ?

இனி ரிச்சர்டு ஷெரிடன். அவருடைய 'புறங்கூறும் பள்ளி' 1777 மே 8-ஆம் நாள் டுரூரி லேன் அரங்கில் அரங்கேறிற்று. இந்நாடகத்தில் திருமணம் முன்பே முடிந்துவிட்டது. முதியவரான சர் பீட்டர் டீசில் நாட்டுப்புறத்து இளம்பெண் ஒருத்தியை மணந்து நகரத்திற்கு அழைத்து வருகிறார். அவள் நகரத்தின் ஆடம்பரத்தையும் வம்புப் பேச்சையும் கற்றுக்கொள்கிறாள். நாள்தோறும் செலவைப்பற்றிச் சண்டை. ஒருநாள் அவள் ஜோசப் சர்ஃபேஸ் என்னும் கபட வேடதாரியின் வீட்டிற்கு வருகிறாள். எதிர்பாராமல் கணவரும் அங்கே வர, அவள் ஒரு மறைப்புத் தட்டியின் பின்னே ஒளிந்துகொள்கிறாள். சர் பீட்டர் ஜோசப்பை நல்லவன் என்று நம்பி மனம் திறக்கிறார். மனைவிக்காகத் தாம் இரண்டு பத்திரங்கள் எழுதப்போவதாகச் சொல்கிறார். ஒன்றின்படி, தாம் உயிரோடிருக்கும்போதே அவள் தன் விருப்பம்போல் ஆள ஆண்டுக்கு 800 பவுன். மற்றொன்றின்படி, தம் காலத்திற்குப்பின் பெரும்பகுதிச் சொத்து. தட்டிக்குப் பின்னால் அவள் அனைத்தையும் கேட்கிறாள். சற்று நேரத்தில் தட்டி சாய்கிறது. கணவரும் மனைவியும் நேருக்கு நேர் நிற்கின்றனர். ஜோசப் ஒரு பொய்யைக் கட்டுகிறான். அவளோ அதற்கு உடன்படாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

அரங்கம் முழுவதும் சிரிக்கும் அந்த நொடியில் ஒரு மணவாழ்வு முறிந்தோ பிழைத்தோ போகும் நிலையில் இருக்கிறது. அதைப் பிழைக்கவைத்தது எது? அவர் பொழிந்த அறிவுரைகள் அல்ல. அவற்றை அவள் பலநாள் கேட்டுச் சலித்தவள். தன்னை ஒருபொருட்டாக மதித்து, தன் கையில் பொருளும் உரிமையும் தர அவர் எண்ணியிருந்தார் என்று அறிந்ததே அவள் மனத்தை மாற்றிற்று. அவரும் அதை அவளிடம் நேரில் சொல்லியிருக்கலாம். சொல்லாமற்போன அன்பு ஒரு மரத்தட்டியின் வழியே சென்று சேர வேண்டியதாயிற்று.

ஷெரிடனின் சொந்த வாழ்வையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாத் நகரத்தின் புகழ்பெற்ற பாடகி எலிசபெத் லின்லியுடன் 1772-இல் அவர் பிரான்சுக்கு ஓடிப்போனார். அவள்பொருட்டு இருமுறை வாட்போர் செய்து, இரண்டாவதில் படுகாயமும் அடைந்தார். 1773-இல் முறைப்படி மணந்தார். நாடகத்தைவிட நாடகமான காதல்! ஆனால் மணந்தபின் அவள் பொருளுக்காகப் பொதுமேடையில் பாடுவதை அவர் நிறுத்திவிட்டார். பெரும்பொருள் தருவதாக வந்த அழைப்புகள் மறுக்கப்பட்டன. டாக்டர் ஜான்சன் போன்ற பேரறிஞரும் அதனை மேன்மக்கள் செயல் என்று பாராட்டினார். மனைவியின் கையில் உரிமையைத் தருவதே அன்பு என்று மேடையில் காட்டியவர், தம் இல்லத்தில் மனைவியின் குரலைச் சுவர்களுக்குள் அடைத்தார். இதை நான் அவரைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. மேடையில் காண்பது எளிது, வாழ்வில் செய்வது அரிது என்பதற்கு இது சான்று.

ஒரு நூற்றாண்டு கடந்து வருவோம். ஆஸ்கார் வைல்டின் 'எர்னெஸ்டாக இருப்பதன் இன்றியமையாமை' 1895 பிப்ரவரி 14-ஆம் நாள் இலண்டன் செயிண்ட் ஜேம்சு அரங்கில் தொடங்கிற்று. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டம் மாறிற்று, சந்தை மாறவில்லை. லேடி பிராக்னல் கையில் குறிப்பேடும் எழுதுகோலுமாக அமர்ந்து, தன் மகளைக் கேட்டு வந்த ஜாக்கை விசாரிக்கிறாள். வருமானம் எவ்வளவு? வீடு எந்தத் தெருவில்? பெற்றோர் யார்? விக்டோரியா இரயில் நிலையத்தில் ஒரு கைப்பையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை அவன் என்று தெரிந்ததும் பேச்சு முறிகிறது. அவளே பின்னர், செசிலி என்னும் பெண்ணைப் புறப்பட இருந்த வேளையில் அவளுக்கு 1,30,000 பவுன் சொத்து உண்டென்று கேட்டவுடன், மறுபடி அமர்ந்து அப்பெண்ணின் முகத்தில் அழகைக் காண்கிறாள். நாம் சிரிக்கிறோம். எந்த நாட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவரும் இக்காட்சியில் தமக்குத் தெரிந்த முகம் ஒன்றைக் காண்பர்.

இறுதியாக, பெர்னார்டு ஷா. அவருடைய 'பிக்மேலியன்' 1914 ஏப்ரலில் இலண்டனில் நடந்தது. பூ விற்கும் எலிசாவுக்கு உயர்குடிப் பேச்சைக் கற்றுத்தருகிறார் ஹிக்கின்ஸ் என்னும் ஒலியியல் அறிஞர். ஆசிரியரும் மாணவியும் மணந்துகொள்ள வேண்டும் என்று காண்போர் அனைவரும் விரும்பினர். ஷா மறுத்தார். அவள் அவரை மணக்கவில்லை என்பதை விளக்கி, நூலுக்கு ஒரு பின்னுரையே எழுதிச் சேர்த்தார். தன்னைச் செய்துமுடித்த பொருளாக நோக்கும் ஒருவனோடு அவள் வாழ இயலாது என்பது அவர் கருத்து. மணத்தில் முடிய வேண்டிய நாடகம், மணத்தை மறுப்பதனாலேயே தன் பெண்பாத்திரத்தின் மதிப்பைக் காத்தது. மில்லமன்ட் தொடங்கிய வழக்குக்கு இது ஒருவகைத் தீர்ப்பு எனலாம்.

மாணவ நண்பர்களே, மில்லமன்ட் தன் நிபந்தனைகளைச் சொன்னது 1700-இல். சட்டம் அவள் பக்கம் வந்து சேர்ந்தது 1882-இல். இடையே 182 ஆண்டுகள். நாடகம் சட்டத்தை மாற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பலர் பல காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் எழுப்ப இயலாத கேள்வியை, அரங்கத்தில் ஆண்களும் பெண்களும் அருகருகே அமர்ந்து கேட்டுச் சிரித்தனர். ஒன்றைக் கேட்டுச் சிரித்தவன் அதனை முன்போல் இயல்பென்று எண்ணுவது கடினம்.

அந்நாடகங்களின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. 'உலகத்தின் போக்கில்' மிராபெல் தன் சூழ்ச்சிக்காகத் தன் வேலைக்காரனுக்கும் ஒரு பணிப்பெண்ணுக்கும் அவசரமாக மணம் முடித்து வைக்கிறான். அந்தப் பணிப்பெண்ணிடம் நிபந்தனை கேட்டவர் எவருமில்லை. பேரம் பேசும் உரிமை பணமுள்ள பெண்ணுக்கே இருந்தது.

எனவே இந்நாடகங்களைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை உடன்வைத்துக்கொள்ளுங்கள். பணம் யார் கையில் இருக்கிறது? கதவைத் திறக்கும் உரிமை யாருக்கு? இக்காட்சியில் பேச வாய்ப்பே பெறாதவர் யார்? தனியே மௌனமாகப் படிக்காமல், நண்பர் இருவர் மூவர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படியுங்கள். முதலில் சிரிப்பு வரும், வரட்டும். அச்சிரிப்பு ஓய்ந்தபின், கதவை மெல்லத் தட்டும் ஓசை ஒன்று உங்கள் செவியில் விழும். உங்களுக்கும் ஒருநாள் திருமணம் நிகழும்போது அவ்வோசையை மறவாதிருப்பீர்களானால், காங்கிரீவைப் படித்தது வீண்போகவில்லை என்று பொருள்.